வண்டியின் தணிப்பான் எத்தனை நாள் உழைக்கும்?

தோட்ட வாழ்க்கையில் வண்டிக்கு உள்ள இடத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்திலிருந்து ஆட்களைத் தொலைவிலுள்ள நிரைகளுக்குக் கொண்டு சேர்ப்பது வண்டி. வெயில் ஏறுமுன் பாலை ஆலைக்கு எடுத்துச் செல்வதும், உர மூட்டைகளைச் சுமந்து மேட்டில் ஏறுவதும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுபோவதும் அதுவேயாகும். முன்பு ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும் செம்மண் சாலையும் அதில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டியும் மாறவில்லை.

இத்தகைய வண்டியின் இயந்திரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவர். டயர் தேய்ந்திருப்பதைச் சிறுவரும் கண்டு சொல்வர். ஆனால், சக்கரத்தின் பின்னே சேறு படிந்து மறைந்து கிடக்கும் அதிர்வு தணிப்பானை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பட்டறைகளில் இதனை 'அப்சார்பர்' என்று வழங்குவர். வண்டியுடன் வந்த தணிப்பான் பழுதுபட்டபின், கடையில் வேறொன்றை வாங்கிப் பொருத்துகிறோம். அப்போது எழும் கேள்வி, "இது எத்தனை நாள் உழைக்கும்?" என்பதுதான். இக்கேள்விக்குப் பெட்டியின்மேல் அச்சிட்ட எண் முழு விடை ஆகாது. ஏன் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சுமப்பது வேறு, தணிப்பது வேறு

வண்டியின் பாரத்தைத் தணிப்பான் சுமக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்கே. சுருள் வடிவில் இருப்பினும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாக இருப்பினும், அதன் வேலை தாங்குதல். வண்டியின் பின்புறம் தாழ்ந்து போயிருந்தால் குற்றம் பெரும்பாலும் ஸ்பிரிங்கில்தான் இருக்கும்.

ஸ்பிரிங்குக்கு ஒரு குறை உண்டு. ஒருமுறை அழுத்திவிட்டால் அது மீண்டும் மீண்டும் எழுந்து தாழும். தானாக எளிதில் அடங்காது. அந்த ஆட்டத்தை அடக்குவதே தணிப்பானின் பணி. நீர் நிறைந்த குடத்தைச் சுமந்து வரும் பெண்கள் அதன்மேல் ஓர் இலைக்கொத்தை இட்டு வருவதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். இலை நீரைச் சுமப்பதில்லை. நீர் தளும்பாமல் மட்டுமே காக்கிறது. ஸ்பிரிங் குடம் என்றால், தணிப்பான் அந்த இலையாகும்.

எஃகுப் பட்டைகளாலான ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஓரளவு ஆட்டம் தானே அடங்கிவிடும். இதனாலேயே பழைய லோரிகளில் பின்புறத் தணிப்பான் செத்துப்போன பிறகும், ஓட்டுநர் அதனை நெடுநாள் உணராமல் இருந்துவிடுகிறார். மெல்ல மெல்ல வரும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கைகளும் அதற்குப் பழகிவிடுகின்றன.

உள்ளே நடப்பது என்ன?

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் இரு தகடுகளை அழுத்தி, அவற்றின் உராய்வால் ஆட்டத்தைக் குறைத்தனர். பின்னர் எண்ணெயைப் பயன்படுத்தும் முறை வந்தது. இன்றைய தணிப்பானில், எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. அதிலுள்ள சிறு துளைகளின் வழியாகவும் வால்வுகளின் வழியாகவும் எண்ணெய் நெருக்கிப் புக வேண்டியிருப்பதால் பிஸ்டனின் வேகம் தடைபடுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழாயின் மேற்பரப்பு வழியே காற்றில் கலந்துவிடுகிறது.

ஆகவே, தணிப்பான் என்பது ஆட்டத்தை வெப்பமாக்கும் கருவி. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் எண்ணெய் நீர்த்துப்போகும். விரைந்து குலுங்கும்போது எண்ணெயும் குழாயிலுள்ள வாயுவும் கலந்து நுரைக்கும். நுரை துளைகளின் வழியே தடையின்றிப் புகுந்துவிடுவதால் தணிப்பு குறைகிறது. வண்டி ஆறியதும் பழைய நிலை திரும்பலாம். ஆனால், நாள்தோறும் இவ்வாறு சூடேறி ஆறும்போது எண்ணெய் கெடுகிறது. சீல் எனப்படும் ரப்பர் அடைப்பு இறுகி வெடிக்கிறது.

நுரைத்தலைத் தடுக்க எண்ணெய்மீது நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் அடைக்கும் முறை பிறந்தது. பிரெஞ்சுப் பொறியியலாளர் கிறிஸ்தியன் பூர்சியே தெ கார்போன் 1950ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய ஒற்றைக் குழாய்த் தணிப்பானில், எண்ணெயும் வாயுவும் நகரும் ஒரு தடுப்பினால் பிரிக்கப்பட்டிருந்தன. இன்று விற்கப்படும் ஒற்றைக் குழாய் வகைகள் பலவற்றுக்கு அதுவே வழிகாட்டியாகும்.

கிலோமீட்டர் கணக்கு

தணிப்பான்களை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதிக்குமாறும், 80,000 கிலோமீட்டர் அளவில் மாற்றுவது பற்றி எண்ணுமாறும் உற்பத்தியாளர் சிலர் கூறுகின்றனர். இது தார்ச்சாலையில் ஓடும் சாதாரண வண்டிக்கு உரிய கணக்கு.

தோட்டத்து வண்டி ஒன்று நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். மாதத்தில் 25 நாள் எனில், மாதம் 1,000 கிலோமீட்டர், ஆண்டுக்கு 12,000. இக்கணக்கின்படி 20,000 கிலோமீட்டரை எட்ட 20 மாதங்களும், 80,000 கிலோமீட்டரை எட்ட ஆறு ஆண்டு எட்டு மாதங்களும் ஆகும். அவ்வளவு காலம் செம்மண் சாலையில் ஒரே தணிப்பானை நம்பியிருப்பது தகாது.

சோதனையைத் திட்டமிடுவதற்குப் பின்வரும் கணக்கைத் துணையாகக் கொள்ளலாம். பாதித் தூரம் தாரிலும் பாதித் தூரம் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு, மேற்சொன்ன ஆயுளில் பாதியையே எதிர்பார்க்க வேண்டும். எந்நேரமும் சுமையுடன் சேற்றிலும் பள்ளத்திலும் உழலும் வண்டிக்கு 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள்ளேயே மாற்ற வேண்டிய நிலை வரக்கூடும். இது கண்டிப்பான விதியன்று. நல்ல பொருளும் பொறுமையான ஓட்டுநரும் அமைந்தால் ஆயுள் நீளும். இரண்டும் இல்லையெனில், புதிய தணிப்பானே சில மாதங்களில் எண்ணெய் கக்கிவிடும்.

தோட்டச் சாலை செய்யும் கேடுகள்

முதலாவது, சாலையில் விழும் அலை போன்ற நெளிவுகள். மழை ஓய்ந்து காய்ந்த மண்சாலையில் வண்டிகள் ஓட ஓட, குறுக்கே வரி வரியாக மேடுகள் உண்டாவதை நாம் அறிவோம். மேட்டுக்கு மேடு 60 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகவும், வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொண்டால், ஒரு வினாடிக்கு 16 முறைக்கு மேல் சக்கரம் எழுந்து தாழும்; ஒரு மணி நேரத்தில் இது 60,000 முறையாகிவிடும். பெரிய பள்ளம் உடலை உலுக்குவதால் நாம் வேகத்தைக் குறைக்கிறோம். இந்தச் சிறு நெளிவுகளோ நம்மை ஏமாற்றிவிடுகின்றன. ஓய்வின்றிச் சூடேறும் தணிப்பானுக்குப் பெரும் பகை இவையே.

இரண்டாவது, சேறு. பிஸ்டனின் தண்டு கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டது. அதில் காய்ந்து ஒட்டிய மண், தண்டு உள்ளே செல்லும்போதெல்லாம் சீலை உப்புத்தாள்போல் அராவுகிறது. தெறிக்கும் கல் தண்டில் சிறு வடுவை உண்டாக்கினாலும் போதும். அந்த வடு சீலை நாள்தோறும் கிழித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, உரம். பொட்டாஷ் போன்ற உரங்கள் ஈரத்துடன் சேரும்போது இரும்பை அரிக்கும். உரம் ஏற்றிய அன்று வண்டியின் மேற்புறத்தைக் கழுவி, அடிப்புறத்தை மறந்துவிடுவது பல இடங்களில் காணும் வழக்கம். துரு முதலில் பற்றுவது அடிப்புறத்தில்தான்.

நான்காவது, மிகுசுமை. ஸ்பிரிங் முழுவதும் அமிழ்ந்துவிட்டால் தணிப்பான் அடிமட்டத்தில் மோதி உள்வால்வுகள் உடையலாம். பாதி நிரம்பிய பால் தொட்டியும் ஆபத்தானதே. பால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தளும்பி, வண்டி அடங்கும் நேரத்தில் மீண்டும் அதனை ஆட்டிவிடும்.

ஐந்தாவது, அளவு பொருந்தாமை. வண்டியை உயர்த்திக் கட்டுவது இளைஞர் சிலருக்கு விருப்பமாக உள்ளது. ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திவிட்டுப் பழைய நீளத்துத் தணிப்பானையே விட்டுவைத்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தணிப்பான் தன் எல்லை வரை இழுபடும். அப்போது ஸ்பிரிங்கின் வீச்சு முழுவதும் அதன் தலைப்பகுதியில் விழுகிறது. இத்தகைய தணிப்பான் முதுமையால் சாவதில்லை. முறையற்ற பொருத்தத்தால் சாகிறது.

கடையில் கிடைப்பவை

வண்டியை உருவாக்கியவர் பொருத்தும் தணிப்பான், பல நாட்டுச் சாலைகளுக்கும் பொதுவாக அமைந்தது. வெளிச்சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகக் கொள்ளலாம்.

இரட்டைக் குழாய் வகை விலை குறைந்தது. வெளிக்குழாயில் ஒரு சிறு கல் பட்டாலும் உட்குழாய் உடனே பாதிக்கப்படாது. ஆனால், வெப்பம் வெளியேற நேரமாகும். சாதாரணத் தோட்டப் பணிக்கு, தடித்த தண்டும் அகன்ற பிஸ்டனும் உடைய நல்ல இரட்டைக் குழாய்த் தணிப்பானே போதுமானது.

இரட்டைக் குழாயில் வாயுவுக்குப் பதிலாகச் சிறு கண்ணறைகள் கொண்ட பஞ்சு போன்ற பொருளை வைத்துச் செய்வது இரண்டாவது வகை. எண்ணெயுடன் வாயு கலக்க இடமில்லாததால் நுரைத்தல் குறைகிறது. மெதுவாக, கனத்த சுமையுடன் நெடுநேரம் ஓடும் வண்டிகளுக்கு இது ஏற்றது.

ஒற்றைக் குழாய் வகை விரைவில் வெப்பத்தை வெளியேற்றும். தணிப்பும் சீராக இருக்கும். ஆனால், அதன் ஒரே குழாயில் ஆழமான பள்ளம் விழுந்துவிட்டால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கல் தெறிக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கு இதனை வாங்குவோர் காப்புறையும் சேர்த்து வாங்குதல் நலம்.

நான்காவது, பிரித்துச் சீலும் எண்ணெயும் மாற்றிப் பயன்படுத்தும் வகை. இதில் சிலவற்றுக்குத் தனி எண்ணெய்க் கலமும் உண்டு. நம் நாட்டில் 1997இல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போன்ற காட்டுப் போட்டிகளுக்கு வண்டியை ஆயத்தம் செய்வோர் இத்தகையவற்றை நாடுவர். இவை நீடித்து உழைப்பதாகப் பெயர் பெற்றுள்ளன. அப்பெயரின் காரணம் பொருளில் மட்டும் இல்லை. அடிக்கடி பிரித்துப் பார்த்துச் செப்பனிடுவதிலும் இருக்கிறது. அவ்வாறு செய்யும் பட்டறை அருகில் இல்லையெனில், தோட்டத்து வண்டிக்கு இதனால் பெரும் பயனில்லை.

வெளிநாட்டுப் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடைகளில் தணிப்பான்களும் கிடைக்கின்றன. இயந்திரமும் கதவும் வாங்க அவை உதவலாம். ஆனால், தணிப்பான் தேய்வதற்கென்றே அமைந்த பொருள். எவ்வளவு ஓடியது என்பது தெரியாத தணிப்பானைக் குறைந்த விலைக்கு வாங்குவது சிக்கனம் ஆகாது. பழைய குழாயில் எண்ணெய் நிரப்பி, புது வண்ணம் பூசி விற்பதையும் அவ்வாறே கொள்ள வேண்டும். தேய்ந்த வால்வையும் வடுப்பட்ட தண்டையும் வண்ணம் மாற்றிவிடாது.

பழுதை அறியும் வழிகள்

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கண்ணும் கையும் போதும்.

1. குழாயின்மேல் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் அஞ்ச வேண்டாம். எண்ணெய் வழிந்து மண்ணுடன் குழைந்து கறுத்திருந்தால் சீல் போய்விட்டது.

2. இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். அவை வெடித்தோ நைந்தோ இருந்தால் 'டொக் டொக்' என்ற ஓசை கேட்கும். சில வேளைகளில் புஷ்ஷை மட்டும் மாற்றினாலே போதும்.

3. தண்டு வளைந்துள்ளதா, துருப்புள்ளிகள் உள்ளனவா, குழாய் நசுங்கியுள்ளதா என்று பாருங்கள். இம்மூன்றில் எது இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

4. டயரைக் கையால் தடவுங்கள். ஒரே சீராகத் தேயாமல் இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையில் படியாமல் துள்ளுகிறது என்று பொருள்.

5. கரடுமுரடான சாலையில் அரைமணி நேரம் ஓடிய பிறகு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, விரலின் பின்புறத்தால் நான்கு தணிப்பான்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். கை சுடக்கூடும். உழைத்த தணிப்பான் சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை.

வண்டியின் மூலையை அழுத்தி விட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய முறை. சிறு கார்களுக்கு அது உதவும். கடினமான ஸ்பிரிங் உடைய லோரிக்கும் பிக்கப்புக்கும் அதனை நம்ப இயலாது. அழுத்தும் மனிதனின் பாரத்துக்கு அவை அசைவதே அரிது.

பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை

தணிப்பானை ஒற்றையாக மாற்றுதல் கூடாது. முன்புறமாயினும் பின்புறமாயினும் இணையாக மாற்ற வேண்டும். ஒருபுறம் இறுக்கமாகவும் மறுபுறம் தளர்வாகவும் இருந்தால் வண்டி வளைவில் ஒரு பக்கம் இழுக்கும். புதிய இரட்டைக் குழாய்த் தணிப்பானைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை இழுத்து அழுத்தினால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும். தண்டு சுழலாமலிருக்க அதனைக் குறடால் பற்றுவோர் உண்டு. குறடு இடும் வடு, புதிய சீலின் ஆயுளை அன்றே முடித்துவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே முழுவதும் முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

பொருத்திய நாளையும் அப்போதைய கிலோமீட்டர் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்தச் சின்னம் எவ்வளவு உழைத்தது என்பதை அடுத்த முறை அக்குறிப்பேடே சொல்லும். அந்தத் தோட்டத்தின் மண்ணுக்கும் மேட்டுக்கும் உரிய உண்மையான ஆயுட்கணக்கு அதுவே. வேறெங்கும் அது கிடைக்காது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் தணிப்பான்களைப் பார்ப்பதும், சேற்றில் ஓடிய அன்றே அடிப்புறத்தை மென்மையான நீரோட்டத்தால் கழுவுவதும் பழக்கமாக வேண்டும். நீரைச் சீல்மீது நேராகப் பீய்ச்சி அடித்தல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெளிவுச் சாலையில் வேகத்தைக் குறைப்பதே செலவில்லாத சிகிச்சை. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இது ஓட்டுநரின் கவலை மட்டுமா?

தணிப்பான் கெட்டால் உடல் குலுங்கும், முதுகு வலிக்கும் என்பதோடு காரியம் முடிவதில்லை. பிரேக் எவ்வளவு நன்றாக இருப்பினும், சக்கரம் தரையில் படிந்தால்தான் வண்டி நிற்கும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. இறக்கத்தில், மழை ஈரத்தில், தளும்பும் பால் தொட்டியுடன் வரும் வண்டி நிற்கும் முன் இன்னும் சில அடி தூரம் உருண்டுவிடும். அந்தச் சில அடிக்குள் சைக்கிளில் செல்லும் ஒரு பிள்ளை இருக்கலாம்.

1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையிடத்து இயந்திரங்களையும் கருவிகளையும் இயன்றவரை பாதுகாப்பான நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியுள்ளது. தம் பாதுகாப்பிலும் தம்முடன் இருப்போரின் பாதுகாப்பிலும் தக்க கவனம் செலுத்தும் கடமையைத் தொழிலாளிக்கும் அது விதித்துள்ளது. 2022இல் திருத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உடனடியான பேராபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி முதலாளியிடம் தெரிவித்த பிறகும் நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. எண்ணெய் வழியும் தணிப்பான் ஒவ்வொன்றும் பேராபத்து ஆகிவிடாது. ஆனால், தெரிவிக்கத் தக்க குறை அது என்பதில் ஐயமில்லை. குறையைக் கண்டவர் ஓட்டுநராயினும், பின்னால் அமர்ந்து செல்பவராயினும், அன்றே சொல்ல வேண்டும். சொன்ன நாளைக் குறித்து வைப்பதும் நன்று.

ஆகவே, தணிப்பான் எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்விக்கு நாம் கூறும் விடை இதுதான். அது ஓடும் சாலையும், ஏறும் சுமையும், ஓட்டும் கையும், பார்க்கும் கண்ணும் சேர்ந்தே அதன் ஆயுளை அளக்கின்றன. இவற்றுள் சாலையை நாம் உடனே மாற்றிவிட இயலாது. மற்ற மூன்றும் நம் பொறுப்பில் உள்ளன. அடுத்த முறை வண்டி கொட்டகையில் நிற்கும்போது, ஒரு கணம் குனிந்து சக்கரத்தின் பின்னே பாருங்கள்.